அளவோடு ஆடுகிறேன் என்பவருக்கு

கல்வாரியில் சிலுவையின் அடியில் போர்வீரர் சீட்டுப் போட்ட செய்தியை நான்கு நற்செய்தியாளரும் குறிப்பிட்டுள்ளனர். யோவான் மட்டும் அதனைச் சற்று விரித்து எழுதுகிறார். இயேசுவின் ஆடைகளை அவர்கள் நான்கு பங்காக்கி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டனர். மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்யப்பட்ட அங்கியைக் கிழித்துப் பாழாக்க மனமின்றி, அதற்கு மட்டும் சீட்டுப் போட்டனர் (யோவா 19: 23-24). கூர்ந்து நோக்கினால் அது மிக ஒழுங்கானதொரு சூது என்பது புலப்படும். அங்கே ஏமாற்று இல்லை, கைகலப்பு இல்லை, அளவுமீறல் இல்லை. அக்கால வழக்கம் அனுமதித்ததையே அவர்கள் செய்தனர். குறை ஒன்றுதான். பந்தயப் பொருள் அவர்களுடையதன்று. அதற்குரியவர் அவர்களின் தலைக்கு மேலே இன்னும் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தார்.

இறை இயேசுவில் அன்புக்குரிய குடும்பத்தினரே, வெறிகொண்டு ஆடி வீட்டை அழித்தவர்களைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டிய தேவை அதிகமில்லை. அவர்கள் செய்வது பிழை என்பதை அவர்களே அறிவர். இன்று நாம் பேச விரும்புவது வேறொரு மனிதரைப் பற்றி. அவர் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாது வருபவர், மதுவைத் தொடாதவர், சொற்ப வருமானத்தில் குடும்பத்தை நடத்துபவர். கிரிக்கெட் ஆட்டம் என்றால் உயிர். முன்னொரு காலத்தில் பந்தயம் கட்ட விரும்பியவர் குதிரைப் பந்தயம் பிடிக்கும் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே நுழையுமுன் தெருவின் இரு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வெட்கமே ஓரளவு வேலியாய் நின்றது. இன்று கைத்தொலைபேசியில், சாய்கதிரையில் இருந்தபடியே, அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டங்கள் என்பதற்கும் பந்தயம் கட்டலாம். அருகில் இருக்கும் மனைவிக்கும் தெரியாது. அவர் சொல்வது இதுதான்: "நான் அளவோடு ஆடுகிறேன். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கியிருக்கிறேன். கொப்பியில் கணக்கும் எழுதுகிறேன்."

இவரை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. தன்னடக்கம் தூய ஆவியின் கனிகளுள் ஒன்று எனத் திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதியுள்ளார். தன்னை ஒரு வரம்புக்குள் வைக்க முயலும் மனிதர் நல்லதொன்றையே தேடுகிறார். ஆனால் அந்த வரம்பு அவருக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவரோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்பது நமது கடமை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று கூறியவர் நம் ஆண்டவரே அன்றோ (லூக் 14: 28).

முதலில் திருச்சபையின் போதனையைச் சரியாக அறிந்துகொள்வோம். பந்தயம் யாவும் பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபை கூறவில்லை. மறைக்கல்வி ஏட்டின் 2413ஆம் பத்தி இதைத் தெளிவுபடுத்துகிறது. வாய்ப்பை நம்பி ஆடும் ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல. ஒருவர் தன் தேவைகளுக்கும் பிறரின் தேவைகளுக்கும் அவசியமானதை அவை பறிக்கும்போது ஏற்கத்தகாதவை ஆகின்றன. ஆட்டத்தின் மீதுள்ள வேட்கை மனிதனை அடிமையாக்கும் ஆபத்து உண்டு என்பதே அதன் சாரம். பங்குத் திருவிழாவில் நாமே அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிறோமே என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கோயிற் கட்டடத்துக்கென விருப்போடு கொடுக்கும் ஐம்பது ரூபாவை எவரும் மீட்கக் கனவு காண்பதில்லை. ஆயினும் அந்தப் பழக்கத்தையும் நாம் இடைக்கிடை சோதித்துப் பார்ப்பது நன்று.

ஆகவே திருச்சபை கேட்பது எவ்வளவு கட்டினாய் என்பதை மாத்திரமன்று. எந்தப் பணத்திலிருந்து கட்டினாய் என்பதையுமாம்.

இனி அவருடைய கொப்பியைத் திறப்போம். மாதம் 5,000 ரூபா ஒதுக்குகிறார். ஒரு தடவைக்கு 100 ரூபாவுக்கு மேல் கட்டுவதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறார். இருபக்கமும் சமமான பலமுள்ள ஓர் ஆட்டத்தில் பந்தய நிறுவனம் இரு பக்கத்துக்கும் 1.90 என்ற விகிதத்தைத் தருகிறது என்று கொள்வோம். வென்றால் 100 ரூபாவுக்கு 190 ரூபா கைக்கு வரும். மாதத்தில் 50 தடவை கட்டி, சரிபாதியாக 25 தடவை வென்றால் வருவது 4,750 ரூபா. 250 ரூபா நட்டம். 26 தடவை வென்றால் 4,940; அப்போதும் 60 ரூபா நட்டம். 27 தடவை வென்றாலே 130 ரூபா இலாபம் காண்பார். தராசில் அந்தச் சிறு எடையை நிறுவனம் முன்னரே வைத்துவிட்டது. நான்கு ஆட்டங்களை ஒன்றாகக் கோத்துக் கட்டினால் பெருந்தொகை வரும் என்று ஆசை காட்டுவார்கள். அவ்வாறான நான்கு சம ஆட்டங்களும் சரிவரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. கிடைப்பதோ 100 ரூபாவுக்கு ஏறத்தாழ 1,303. பதினாறு தடவை 1,600 ரூபா கட்டி ஒரு தடவை வென்றால், ஏறத்தாழ 297 ரூபா போய்விடும். கோக்கக் கோக்க நிறுவனத்தின் பங்கு பெருகுமேயன்றிக் குறையாது.

எனக்கு ஆட்டம் தெரியும், வீரர்களைத் தெரியும், ஆடுகளத்தின் தன்மை தெரியும் என்று அவர் கூறக்கூடும். உண்மையாகவே தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் அறிந்தவற்றுள் பெரும்பாலானவை அந்த விகிதத்தைக் குறிப்பவர்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த செய்தி விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. விதிவிலக்காக ஒருவர் தொடர்ந்து வென்றாலும், அத்தகையவர் கட்டக்கூடிய தொகையைச் சுருக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு.

இவ்வளவும் கூறிய பின் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் 250 ரூபா நட்டத்தோடு காரியம் முடியுமாயின், அது ஒரு பொழுதுபோக்கின் செலவு. அதைப் பெரும் பாவமென்று எவரும் கூறமாட்டார். ஒழுங்கு அவருக்குச் செய்த நன்மை அது: பணம் கரையும் வேகத்தைக் குறைத்தது. கரைதலை நிறுத்தவில்லை, நிறுத்தவும் இயலாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செல்வந்தருக்கு அந்த 130 ரூபா இலாபமும் வேடிக்கை, 250 ரூபா நட்டமும் வேடிக்கை. நம்மவர் வேடிக்கைக்காகவா தொடங்கினார்? பிள்ளையின் ரியூசன் கட்டணம், அடகிலுள்ள சங்கிலி, மழைக்கு ஒழுகும் கூரை, இவற்றுள் ஏதோ ஒன்று அவர் மனத்தில் இருந்தது. தேவை பெரிது, ஒழுங்கோடு ஆடினால் கிடைக்கக்கூடியது மிகச் சிறிது. நல்ல மாதத்தில் 130 ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எத்தனை மாதம் பொறுத்திருப்பார்? ஒருநாள் நூறு இருநூறாகும். ஆகவே வறியவரின் கட்டுப்பாடு குலைவதற்குக் காரணம் அவருடைய மனவுறுதி குறைந்தது மட்டுமன்று. எந்தத் தேவை அவரைப் பந்தயத்துக்கு அழைத்து வந்ததோ, அதே தேவை அவர் போட்ட வரம்பையும் உடைக்கிறது. அற்ப பணத்தோடு அளவாக ஆடுவது எப்படி என்று அறிவுரை கூறுவோர் இந்த இடத்தை ஏனோ மெல்லத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

இழந்ததை மீட்கத் தொகையை இரட்டிப்பாக்குவது அடுத்த படி. நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு. ஐந்து தோல்விகளில் 3,100 ரூபா போய்விட்டது, ஆறாவதற்கு 3,200 வேண்டும், மீதியிருப்பதோ 1,900. தொடர்ந்து ஐந்து தோல்வி வருமா என்கிறீர்களா? சம வாய்ப்புள்ள ஐம்பது ஆட்டங்களில் எங்கேனும் ஓரிடத்தில் அது நேர்வதற்குப் பாதி வாய்ப்பேனும் உண்டு. அந்த இரவில்தான் சீட்டுக்காசு எடுக்கப்படுகிறது.

உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கை இதற்குச் சான்று. அவர் ஆடியது விளையாட்டுப் பந்தயமன்று, சுழல்வட்டுச் சூது. ஆயினும் அவருடைய நம்பிக்கை நம்மவரின் நம்பிக்கையே. 1863இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் ஆடிய பின் எழுதிய கடிதம் ஒன்றில், வெல்லும் இரகசியத்தைத் தான் கண்டுகொண்டதாகவும், எந்நேரமும் தன்னைக் கட்டுப்படுத்தி உணர்ச்சிவசப்படாதிருப்பதே அது என்றும் அவர் குறிப்பிட்டார். மனித மனத்தின் ஆழங்களை அவரளவு அறிந்தவர் அரிது. 1866இல் சூதாடியைப் பற்றியே ஒரு நாவல் படைத்தார். கடன் நெருக்கடியில் அதை 26 நாட்களில் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த அன்னா என்னும் இளம்பெண் மறு ஆண்டு அவருக்கு மனைவியானார். அதே 1867இல் பாடன் பாடன் நகரில் கர்ப்பிணியான அந்த மனைவியின் காதணியும் திருமண மோதிரங்களும் அடகுக்குப் போயின. 1871இல், வீடு திரும்புவதற்காக அன்னா அனுப்பிய பணத்தையும் இழந்து, மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்குப் பின் அவர் சூதாடவில்லை. இரகசியத்தை அறிந்திருந்தும் எட்டாண்டுகள் ஆயின.

நம் தமிழ் மரபும் இதை நன்கறியும். பொறுமைக்கும் அறத்துக்கும் பெயர்போன தருமனைத்தான் பாரதம் சூதாட்ட மண்டபத்தில் அமர்த்துகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு அடுத்துச் சூதையும், சூதுக்கு அடுத்து மருந்தையும் வைத்தார். அந்த அதிகார வரிசை தற்செயலானதோ என்னவோ, இன்றைய மருத்துவம் அதோடு ஒத்துப்போகிறது: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பில், சூதாட்டக் கோளாறு மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும். அடுப்படியில் வைத்திருக்கும் சீனிப் போத்தலுக்குள் சுருட்டிய நோட்டை அது காவல் காக்காது.

மீண்டும் கேள்விக்கு வருவோம். யாருடைய பணம்? திருமண அருட்சாதனத்தில் இணைந்த இருவரின் உழைப்பில் "என்னுடைய மாதப் பங்கு" என்று ஒருவர் தனியே முடிவுசெய்து ஒளித்துவைக்கும் தொகை எதுவும் இல்லை. மனைவிக்குச் சொல்லக்கூடிய பந்தயம் ஒருவேளை பொழுதுபோக்காக இருக்கலாம். சொல்ல முடியாத பந்தயம், நூறு ரூபாவாயினும், வேறொன்று. கணவர்மாருக்கு மட்டும் இதைச் சொல்வதாக எண்ண வேண்டாம். இளைஞருக்கும், வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பும் காசில் படிக்கும் தம்பிக்கும் இதுவே பொருந்தும். அந்தக் காசு குளிரில் இரவு வேலை செய்தவனின் காசு.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் பத்து நாணயங்களுள் ஒன்றைத் தொலைத்த பெண் வருகிறாள். அவள் விளக்கை ஏற்றி, வீட்டைக் கூட்டி, தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறாள். தொலைந்ததைத் தேட மீதி ஒன்பதையும் அவள் வெளியே எறியவில்லை. தோற்ற பணத்தை அடுத்த ஆட்டத்தில் தேடுகிறவர் இதைச் சிறிது நேரம் தியானிப்பாராக.

நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலரான புனித கமில்லசு தெ லெல்லிசு இளமையில் கூலிப் போர்வீரர், சூதாடி. துறவு மேற்கொள்வதாக ஒருமுறை நேர்ந்துகொண்டு, அதையும் கைவிட்டவர். 1574இல் நாப்போலி நகரில் இருந்த அனைத்தையும் ஆடித் தோற்று, பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்து, மன்பிரதோனியாவில் கப்புச்சின் துறவியரின் கட்டட வேலையில் கூலியாளானார். அங்கேதான் 1575இல் மனம் திரும்பினார். அளவாக ஆடுவதற்கு அவர் பழகிக்கொள்ளவில்லை. தன் கையையும் நேரத்தையும் நோயாளரின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தார். புனித பிலிப்பு நேரியை ஆன்ம குருவாகக் கொண்டு, தன் நிலையை மறைக்காமல் அவரிடம் திறந்து பேசினார்.

நம்மவருக்கும் வழி அதுவே. கொப்பியை மனைவியிடமோ தாயிடமோ திறந்து காட்டுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் தொகையைச் சொல்லக் கூசாதீர்கள். குருவானவர் அதைவிடப் பெரிய தொகைகளைக் கேட்டிருப்பார். நிறுத்த முயன்றும் இயலாவிடின் அது மருத்துவரிடம் சொல்லத்தக்க நோய். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்கும் உதவும். 1957இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய சூதாடிகளின் சுய உதவிக் குழுக்கள் போல, நம் பங்குகளிலும் ஐந்தாறு பேர் மாதமொருமுறை மூடிய கதவுக்குள் கூடிப் பேச ஓர் அறை ஒதுக்கினால் பங்குப் பேரவைக்கு ஒரு செலவும் இல்லை. குடும்பத்தாருக்கும் ஒரு சொல்: உண்மையைச் சொன்ன அன்று ஏசாதீர்கள், ஆனால் நகையை விற்று அவர் கடனை இரகசியமாக அடைத்துவிடவும் வேண்டாம். கடன்காரரோடு தவணை பேசுவதற்கு அவரே உடன் வரட்டும். சம்பளம் வங்கிக்கு வரும் நாளில் இருவரும் சேர்ந்து போய், கட்டணங்களை முதலில் கட்டி, மீதியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.