மணிக்கு நாலு பேர்

பக்கவாதத்தில் விழுந்த ஒரு மனிதரை முதன்முதலாக எழுப்பி நிற்க வைப்பது பத்து நிமிட வேலையா? கட்டிலில் புரளப் பழக்க வேண்டும். உட்கார வைத்தால் சரிவார், தாங்க வேண்டும். எழுபது கிலோ உடம்பு அப்படியே நம் இடுப்பில் இறங்கும். அவர் முழங்கால் மடங்காதபடி நம் முழங்காலை முட்டுக்கொடுத்து, செயலற்ற தோள் நழுவாமல் பிடித்து, "பயப்படாதீங்க ஐயா, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காகத்தான் உடற்கூறியலும் நரம்பியலும் நாலரை ஆண்டு படித்தோம்.

இதைச் செய்யத்தான் எங்களை விடமாட்டேன் என்கிறார்கள்!

நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் மணிக்கு நாலு பேஷன்ட். மூட்டு மாற்று அறுவை முடிந்தவர், தோள் இறுகிக் கை தூக்க முடியாத அம்மா, கழுத்துவலிக்காரர், பக்கவாதக்காரர். நால்வருக்கும் நான் ஒருத்தி. ஒருவருக்கு வலிக்குக் கரன்ட் வைக்கிற ஐஎஃப்டி மெஷினை மாட்டிவிட்டு அடுத்தவருக்கு மெழுகு ஒற்றடம் கொடுக்க ஓட வேண்டும். மெஷின் வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், நடக்க வைக்காது. எனக்கும் தெரியும், என்னை ஓடவிடுகிற நிர்வாகத்துக்கும் தெரியும். "கரன்ட் வச்சாச்சாம்மா, நான் எப்ப நடப்பேன்?" என்று என் முகத்தையே பார்க்கும் அந்த மனிதருக்குத்தான் தெரியாது. தெரிந்தே குறைவாகச் செய்யச் சொல்கிறார்களே, அதுதான் என்னைத் தின்கிறது. உடம்பு அசதி தூங்கினால் போகும். இது தூங்கவே விடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 நோய்ப் பட்டியல், இந்தப் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தின் தீராத அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததன் விளைவு என்கிறது. தெம்பு வற்றிப்போவது, வேலையின் மேல் கசப்பு, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் என மூன்று அடையாளங்களையும் சொல்கிறது. மூன்றும் எங்கள் அறையில் இருக்கின்றன. வாய்விட்டுச் சொன்னால், "மனசைத் திடமா வச்சுக்கோங்க" என்கிறார்கள். என் மனசுக்கு என்ன குறை? ஆள் குறை!

அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மூட்டு தேய்கிறது. தூக்கித் தூக்கி இடுப்பு போகிறது. அடுத்தவர் இடுப்பைச் சரிசெய்கிற நாங்கள் பெல்ட் கட்டிக்கொண்டு நிற்கிறோம். சம்பளமோ வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரி. அதனால் டியூட்டி முடிந்து ஹோம் விசிட், வீடு திரும்ப இரவு ஒன்பதாகிறது. படித்து முடித்து வரும் பிள்ளைகளிடம் "எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும்" என்று சொல்லி மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்குகிறார்களே, அது எந்த ஊர் நியாயம்?

அரசுப் பக்கம் போனாலும் விடிவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் வாசலுக்கே பிசியோதெரபி போனது. போனவர்கள் யார்? ஒப்பந்த ஊழியர்கள். ஊர் ஊராக அலைந்து அடுத்தவர் காலை ஊன்ற வைக்கிற ஆளுக்குத் தன் வேலையில் கால் ஊன்ற இடமில்லை.

மரியாதையைக் கேட்கவே வேண்டாம். செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி நாள். 2025-இல் அதற்கு மறுநாளே, நாங்கள் பெயருக்கு முன் டாக்டர் என்று போடக் கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியது. அடுத்த நாளே அதைத் திரும்பப் பெற்றது. எங்கள் பெயருக்கு முன்னால் என்ன இருக்க வேண்டும் என்பதில் அத்தனை அவசரம்! எங்கள் எதிரே எத்தனை நோயாளிகள் வரிசையில் இருக்கிறார்கள் என்று கேட்க மட்டும் யாருக்கும் அவசரமில்லை. 2021-இல் வந்த தேசியச் சட்டம் எங்கள் படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்துகிறது. ஒருவர் தலையில் எத்தனை பேரைக் கட்டலாம் என்பதற்கு அதில் வரம்பில்லை.

அந்த வரம்பை வையுங்கள். ஒப்பந்தத்தில் உழல்கிறவர்களை நிரந்தரமாக்குங்கள். சம்பளமில்லாத வேலையைத் தடை செய்யுங்கள்.

சிகிச்சைக்கு வருகிறவர்களே, உங்களுக்கு மெஷினை மாட்டிவிட்டு நாங்கள் ஓடினால் எங்கள்மேல் கோபப்படாதீர்கள். பணம் கட்டுகிற இடத்துக்குப் போய், "இந்தப் பொண்ணுக்கு ஒரே நேரத்துல எத்தனை பேரைக் கொடுத்திருக்கீங்க?" என்று சத்தமாகக் கேளுங்கள்.