காகம் ஏறவேண்டிய மேடை

அமாவாசையன்று சோற்றை வைத்துவிட்டுக் காகத்தை வருந்தி அழைக்கிற நாம், சங்கீதம் என்ற பேச்சு வந்தவுடன் அதைச் சபையிலிருந்து விரட்டிவிட்டுக் குயிலை ஆசனத்தில் அமர்த்திவிடுகிறோம். பட்சி சாஸ்திரமோ இந்தத் தீர்ப்பை அடியோடு மாற்றி, காகத்தைப் பாடும் பறவைகளின் வரிசையில் சேர்த்து, குயிலை அவ்வரிசைக்கு வெளியே நிறுத்துகிறது.

அமரும் பறவைகள் என்று ஒரு பெருவர்க்கம் உண்டு. உலகிலுள்ள பறவை இனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை, அதாவது 6,000க்கும் அதிகமானவை, அதில் அடங்கும். கிளையில் அமர்ந்துவிட்டால் மட்டும் அதில் இடம் கிடைத்துவிடாது. அமர்வதென்றால் புறாவும் கிளியும்கூட அமர்கின்றன. முன்னே மூன்றும் பின்னே ஒன்றுமாக விரல்கள் ஒரே மட்டத்தில் அமைந்து, கிளையை இறுகப் பற்றும் பாதமே அவ்வர்க்கத்தின் பிரதான லட்சணம். குயிலுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு; முதற் பரீட்சையிலேயே தவறிவிட்டது.

பாடும் பறவைகள் இப்பெருவர்க்கத்தின் ஒரு பிரிவேயாகும். மிகப் பெரிய பிரிவு என்பதனாலேயே இரண்டு பெயரையும் ஒரே பொருளில் வழங்கிவிடுகிறோம். மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் உள்ள குரற்கருவியும், அதை இயக்கும் நுண்ணிய தசைகளும் இப்பிரிவில் விசேஷமாக வளர்ந்திருக்கின்றன. அதனினும் பெரிய விசேஷம், குஞ்சுகள் மூத்தவற்றின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பாட்டைப் பயில்வதுதான். நம் வித்வான்கள் கேள்வி ஞானம் என்பார்களே, அதுவே இது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து, விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்று பெயர் பெற்ற வண்ணப் பறவை, அமரும் பறவையாயினும் பாடும் பறவையன்று. அது சார்ந்த கிளையில் கூவல் பெரும்பாலும் பிறவிச் சொத்து.

குயிலின் கதையும் அதுவே. காகத்தின் கூட்டில் பொரிந்து, காகம் ஊட்டிய இரையில் வளர்ந்து, வளர்த்தவர்களின் குரலையே அருகில் கேட்டிருந்தும், பருவம் வந்ததும் அது குயிலாகவே கூவுகிறது. இனிமை உண்டு, சந்தேகமில்லை. பயின்ற வித்தை இல்லை. காகத்தின் குரல் செவிக்கு இதமானது என்று நான் வாதிடவில்லை. விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுப்பவன்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆயினும் இனிமை வேறு, இனம் வேறு.

குழந்தைகளுக்குப் பாடம் எழுதுவோர் அமரும் பறவை, பாடும் பறவை என்னும் இரு பெயர்களையும் தனித்தனியே வழங்கட்டும். பாடும் பறவை என்னும் தலைப்பின் கீழ்க் கூசாமல் ஒரு காகத்தின் படத்தையும் அச்சிடட்டும்.