கடைசியா வந்தா சிரிப்பாங்களா? முதல் 10 கிலோமீட்டர் ஓடப்போகிறவர்களுக்கு!

டிசம்பர், ஜனவரி வந்தால் தமிழ்நாட்டில் சாலை ஓட்டங்களின் சீசன். டிசம்பரில் கோயம்புத்தூர் மராத்தான், ஜனவரியில் சென்னை மராத்தான் என்று அடுத்தடுத்து வரும். யாராவது ஒரு நண்பர் மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டேட்டஸ் வைப்பார். 'நாமும் ஒருமுறை ஓடிப் பார்த்தால் என்ன?' என்று தோன்றும். அடுத்த நிமிடமே, 'நமக்கெல்லாம் எதுக்கு' என்று போனைக் கீழே வைத்துவிடுவோம்.

இந்த வாரம் அந்த 'நமக்கெல்லாம் எதுக்கு' பார்ட்டிகளுக்காகத்தான் எழுதுகிறேன். இதுவரை பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடியவர்கள், பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயோடு ஓட்டத்தை நிறுத்தியவர்கள், சுகர் வந்த பிறகு நடக்க ஆரம்பித்தவர்கள்... எல்லோரும் வரலாம்.

முதலில் தூரம்

முழு மராத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே அதிகாரபூர்வ தூரமாக அறிவித்தார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், எடப்பாடியிலிருந்து சேலம் டவுன் வரை ஏறக்குறைய அவ்வளவு வரும். பஸ்ஸில் போனாலே இடுப்பு வலிக்கிற தூரம்!

பயப்பட வேண்டாம். முதல்முறை ஓடுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. அரை மராத்தான் 21.1 கிலோமீட்டர். அதற்கும் கீழே 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் பிரிவுகள் இருக்கின்றன. எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டி காவிரிக் கரைக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான் 10 கிலோமீட்டர். பரிசலுக்குப் போகும் தூரம் என்று நினைத்துக்கொண்டால் மிரட்டலாக இல்லை, இல்லையா?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் விறுவிறுவென்று நடந்தாலே 10 கிலோமீட்டரை 1 மணி 40 நிமிடத்தில் முடித்துவிடலாம். பாதி நடை, பாதி ஓட்டம் என்று போனால் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு போட்டிக்கும் 'இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்' என்று ஒரு கட் ஆஃப் நேரம் இருக்கும். பதிவு செய்யும் முன் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயம் தூரத்தில் இல்லை

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். தறிப் பட்டறையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. டாக்டர் நடக்கச் சொன்னதால் விடியற்காலையில் என்னோடு நடக்க வந்தவர், ஒரு மாதத்தில் மெள்ள ஓடவும் ஆரம்பித்துவிட்டார். "அக்கா, டிசம்பர்ல கோயம்புத்தூர் போலாமா? 10 கிலோமீட்டர்" என்றேன். அவர் தூரத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங் கண்ணு, கடைசியா வந்தா சிரிப்பாங்களா?"

முதல்முறை ஓடுகிற பலருடைய உண்மையான பயம் இதுதான். மூச்சு வாங்குமே என்பதோ கால் வலிக்குமே என்பதோ இல்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான். ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். கடைசியாக வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர் முதல் கிலோமீட்டரில் கூட்டத்தோடு சேர்ந்து பறப்பார். நாலாவது கிலோமீட்டரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

அக்காவுக்கு நான் ஃபௌஜா சிங் கதையைச் சொன்னேன். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த தாத்தா. முதல் மராத்தான் ஓடியது 2000-ல் லண்டனில், 89 வயதில். 2011 அக்டோபரில் 100 வயதில் டொரன்டோ மராத்தானை முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 11 நிமிடம். அவருக்குப் பின்னால் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், அன்றைக்கு அந்தப் போட்டியில் ஜெயித்தவர் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தாத்தாவின் பெயரை உலகமே சொல்கிறது.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் வந்ததே 1984-ல்தான். அத்தனை தூரத்தைப் பெண்ணுடம்பு தாங்காது என்றுதான் அதுவரை சொல்லிவந்தார்கள். அந்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி முடித்தார். "பொம்பளைக்கு எதுக்கு ஓட்டம்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

மெதுவாக ஓடுவதும் ஒரு வித்தைதான்

எடப்பாடிக்காரர்களுக்கு நெடுந்தூரம் புதிதில்லை. தைப்பூசத்தை ஒட்டி எங்கள் ஊரிலிருந்து பழனிக்குக் காவடி தூக்கிப் பாதயாத்திரை போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேல். பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமை எடப்பாடி பருவதராஜகுலத்தாருக்கு உண்டு. மலையிலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிப்பார்கள்.

போய்வந்த பெரியவர்களிடம் 'எப்படித்தான் நடக்கிறீங்க?' என்று கேட்டால் பதில் ரொம்ப சிம்பிள். முதல் நாள் வேகம் காட்டாதே. உச்சி வெயிலில் நடக்காதே. புதுச் செருப்பு போடாதே. பேசிக்கொண்டே நட. இன்றைய பயிற்சியாளர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

'பேசிக்கொண்டே' என்பதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் உங்கள் வேகம் சரி. ரெண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். பேச முடிகிற வேகத்தில், வேலை செய்யும் தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தாண்டினால் உடம்பில் சேமித்துவைத்த கிளைகோஜன் சீக்கிரம் கரையும், களைப்பு வேகமாக ஏறும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாலைந்து வாரப் பயிற்சியிலேயே மூச்சு பழகிவிடும். ஆனால் எலும்பும் தசைநாண்களும் பழக மாதக்கணக்கில் ஆகும். 'மூச்சு வாங்கவே இல்லையே' என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு முழங்காலும் கெண்டைக்காலும் மக்கர் செய்வது இதனால்தான். போன வாரத் தூரத்தோடு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது ஓட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற கணக்கு.

ஓடுவதற்கு நடுவே நடப்பது அவமானம் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, 'ஓடு, நட, ஓடு' என்பதையே ஒரு பயிற்சி முறையாகப் பிரபலமாக்கினார். நானும் அக்காவும் பின்பற்றிய 12 வாரக் கணக்கு இது:

முதல் 3 வாரம்: வாரத்தில் 3 நாள். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. மொத்தம் அரை மணி நேரம்.

அடுத்த 4 வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீண்ட தூரம். 4 கிலோமீட்டரில் தொடங்கி 6 வரை.

அடுத்த 4 வாரம்: ஞாயிறு தூரம் 8 கிலோமீட்டர் வரை. இதற்கு மேல் தேவையில்லை. 8 ஓடுகிறவரால் போட்டி நாளில் 10 ஓட முடியும்.

கடைசி வாரம்: பாதியாகக் குறையுங்கள். நன்றாகத் தூங்குங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. 40 வயதைத் தாண்டியவர்கள், பி.பி., சுகர் இருப்பவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே' என்று தொடராதீர்கள்.

வெயிலோடு விளையாடாதீர்கள்

நவீன ஒலிம்பிக்கில் உயிரிழந்த முதல் வீரர் ஒரு மராத்தான் ஓட்டக்காரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக், போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ. கடும் வெயில். வெயில் சுடாமல் இருக்க உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார். வியர்வை வெளியேற வழியில்லாமல் போனது. ஓட்டத்தின் நடுவிலேயே சரிந்தவர் மறுநாள் இறந்தார். வியர்ப்பதுதான் உடம்பின் ஏ.சி. சீக்கிரம் எடை குறையும் என்று பிளாஸ்டிக் கோட் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சேலம், நாமக்கல் பக்கம் மார்ச் முதலே வெயில் ஆளை அடிக்கும். சூரியன் ஏறுவதற்குள் வீடு திரும்புவதுபோல் கிளம்புங்கள்.

தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. முக்கியக் காரணம், ஓடும்போது ஏகப்பட்டதைக் குடித்து எடை கூடியது. எனவே தாகத்துக்கு ஏற்ப, வாய் வாயாகக் குடியுங்கள். ஓடி முடித்த பிறகு உப்பு போட்ட மோரோ நீராகாரமோ போதும். பி.பி. இருப்பவர்கள் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலையில் ஓடும்போது

ஃபௌஜா சிங்கின் கதைக்கு ஒரு சோகமான முடிவு உண்டு. 2025 ஜூலை 14 அன்று ஜலந்தர் அருகே தன் சொந்த ஊரில் வாகனம் மோதி இறந்தார். அவருக்கு 114 வயது என்று குறிப்பிட்டன செய்திகள். முதுமையை ஜெயித்தவரைச் சாலை கொண்டுபோய்விட்டது.

நம் ஊர்ச் சாலைகளில் நடைபாதையும் இல்லை, தெருவிளக்கும் பாதி எரிவதில்லை. வாகனங்கள் எதிரே வருகிற பக்கம், அதாவது சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள். முதுகுக்குப் பின்னால் வருகிற லாரியைவிடக் கண்ணெதிரே வருகிற லாரி மேல். வெளிர் நிற டி-ஷர்ட் போடுங்கள், ஒளிரும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. இயர்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும். தனியாகப் போக யோசிக்கும் பெண்கள் பள்ளி மைதானத்தைச் சுற்றலாம், அல்லது ரெண்டு பேராகக் கிளம்பலாம். நாங்கள் ரெண்டு பேரில் தொடங்கினோம், இப்போது ஐந்து பேர்.

போட்டி நாள்

முந்தைய நாளே பிப் எனப்படும் நம்பர் அட்டையை நாலு பின் குத்தி டி-ஷர்ட்டில் மாட்டிவிடுங்கள். அந்த அட்டையிலோ ஷூவிலோ ஒரு சிப் இருக்கும். நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் ஓட ஆரம்பிக்கும். அதனால் முன்வரிசைக்கு முண்டியடிக்கத் தேவையில்லை. பின்வரிசையில் நில்லுங்கள். வேகமானவர்கள் யாரும் இடிக்க மாட்டார்கள், உங்களையும் அவர்களோடு இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

ரெண்டு மணி நேரம் முன்பே ரெண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். அன்றைக்குப் புதிதாக எதுவும் கூடாது. ஷூ, சாக்ஸ், டிரெஸ், சாப்பாடு எல்லாம் ஏற்கெனவே பழகியதாக இருக்கட்டும். தொடங்கும் முன் டாய்லெட் வரிசை நீளமாக இருக்கும். சீக்கிரம் போய்விடுங்கள்.

முதல் 2 கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். அன்று கோவையில் எங்களையும் சின்னப் பையன்களும் தாத்தாக்களும் தாண்டிப் போனார்கள். அக்கா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். வேகத்தை மட்டும் கூட்டவில்லை. 7-வது கிலோமீட்டரில் இருந்து, தாண்டிப் போனவர்களில் பலர் ஓரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதே வேகத்தில் அவர்களைக் கடந்து போனார். 1 மணி 31 நிமிடம். எங்களுக்குப் பின்னாலும் நிறைய பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவருக்கும் அங்கே நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள்

படியில் இறங்கும்போதுதான் தெரியும், தொடையில் இவ்வளவு தசை இருக்கிறது என்று! ரெண்டு நாளில் சரியாகிவிடும். படுத்தே இருக்காமல் மெள்ள நடங்கள். ஒரு மூட்டு மட்டும் குறிப்பாக வலித்தாலோ வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள். முடித்த சந்தோஷத்தில் அன்றைக்கே அரை மராத்தானுக்குப் பதிவு செய்யாதீர்கள். இன்னும் ரெண்டு 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு யோசிக்கலாம்.

பிடித்த போட்டியின் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அங்கிருந்து 12 வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். எந்தத் தேதி வருகிறதோ அன்று காலை 5 மணிக்கு அலாரம் வையுங்கள். முதல் நாளுக்கு 1 நிமிட ஓட்டமும் 2 நிமிட நடையும் போதும்.