சாகட்டும், ஆனால் சொல்லிவிட்டு

தாயக்கட்டம் ஆடியவர்களுக்கு வெட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பழமாகப் போகிற காயை எதிராளி வெட்டினால் மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும். ஒருவரையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போக முடியாது என்பதும் பல வீடுகளில் விதி. அழுத பிள்ளைக்காக யாரும் வெட்டை எடுத்துவிடவில்லை.

மணலி புதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, துணிந்து, சண்டை போடுவார்கள். வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரம் செத்தும் போகலாம். கதை நடத்துவது நான். "புள்ள அழுவுது, அந்த கேரக்டர சாகாம விட்டுடுங்கக்கா" என்று ஒரு தாய் கேட்டார்.

விட மாட்டேன். பகடையை மறைத்து உருட்டி எண்ணை மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு எந்த டிராகன் வந்தாலும் அவர்களுக்குப் பயமிருக்காது. பயமில்லாத இடத்தில் வீரத்துக்கு என்ன வேலை?

ஆனால் சொல்லாமல் கொல்வதையும் நான் ஏற்கவில்லை. கைகாக்ஸே 1975இல் ஒரு போட்டிக்காக எழுதி 1978இல் அச்சான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' கதையில், தொட்டவுடன் உயிரை வாங்கும் பொறிகள் நிறைய. எனக்கு அது பிடிக்காது. பூண்டி ஏரியைத் திறக்கும்போது கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு எச்சரிக்கை வருமே, ஆட்டத்திலும் அப்படி வர வேண்டும். 2021 நவம்பரில் அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்குள் வந்தது. எத்தனை கன அடி என்று தெரிந்தால்தானே சாமானை மாடிக்கு ஏற்றுவதா, ஊரைவிட்டே கிளம்புவதா என்று முடிவெடுக்க முடியும்? ஆகவே என் குகை வாசலில் உருகிய கேடயங்கள் கிடக்கும். தப்பி வந்த ஆடு மேய்ப்பவன் உள்ளே பார்த்ததைச் சொல்வான். திரும்பி ஓட ஒரு வழியும் இருக்கும்.

கூத்தில் அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்தவன், வெளியே வரத் தெரியாதவன். அது தெரிந்தே போகிறான். விடிய விடிய உட்கார்ந்து அவன் சாவைப் பார்க்கும் ஊர், அவனைக் காப்பாற்றச் சொல்லி வாத்தியாரிடம் கேட்பதில்லை. அவன் வழியில் பாம்பு கடித்துச் செத்திருந்தால் கூத்து ஏது?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி பூஜ்யமானதும் பாத்திரம் பெரும்பாலும் உடனே சாவதில்லை. முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும்: பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி. மூன்று வெற்றி வந்தால் உயிர் தங்கும், மூன்று தோல்வி வந்தால் போய்விடும். அந்த இடைவெளியில்தான் மேசை முழுக்க எழுந்து நிற்கும். ஜெயிக்கிற சண்டையை விட்டுவிட்டு, விழுந்தவனைத் தூக்க ஓடுவதா? ஒருமுறை, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை "நான் போறேன்" என்றாள். எண்களை மாற்றிச் சொல்கிறவளாக நான் இருந்திருந்தால் அவள் போகவேண்டிய தேவையே வந்திருக்காது.

அவளால் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த ஊர் எல்லையில் அந்தப் பாத்திரத்துக்கு நடுகல் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டு வைத்தார்கள்.

இறந்த பாத்திரத்துக்கு உரிய பிள்ளையைச் சும்மா உட்காரவைப்பது மட்டும் பெருங்கொடுமை. எதிரிப் படையின் பகடையை உடனே அவன் கையில் கொடுத்துவிடுவேன். அடுத்த வாரம் புதிய பாத்திரத்தோடு வருவான்; அது மற்றவர்கள் எட்டியிருக்கும் அதே நிலையில் தொடங்கும்.