தொட்டில் பக்கம் புகை வேண்டாம்

பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்து, பேரன் பிறந்து, ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு மூச்சு விடும்போதெல்லாம் 'கீச் கீச்' என்று ஒரு சத்தம். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்புகிறது. பால் குடிக்க மாட்டேன் என்கிறான். என் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பாட்டி நீங்கதானே? இது சளியிலே ஆரம்பிச்ச வீஸிங். அதைத் தூண்டிவிடற மாதிரி வீட்டிலே ஏதாவது புகை உண்டா?"

"எங்க வீட்டிலே யாரும் சிகரெட் பிடிக்கிறதில்லே டாக்டர்" என்றேன், பெருமையாக.

"நான் சிகரெட்டை மட்டும் கேட்கலையே. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் எண்ணிச் சொல்லுங்க."

விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். விடிந்ததும் கொல்லையில் வெந்நீர் அடுப்பு. சீக்கிரம் பற்றிக்கொள்ளட்டும் என்று பால் கவரையும் கிழிந்த பிளாஸ்டிக் பையையும் போட்டுத்தான் மூட்டுவேன். குழந்தை குளித்ததும் சாம்பிராணி. பூஜைக்கு ஊதுபத்தி. பத்து மணிக்கு மிளகாய் தாளிக்கிற கமறல். சாயந்திரம் தெருக்குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிற புகை. ராத்திரி ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுத் தொட்டிலுக்கு அடியிலேயே கொசுவர்த்திச் சுருள். ஒரு கை விரல் போதவில்லை.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "இவ்வளவையும் இந்தச் சின்ன நெஞ்சு தாங்கணுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காற்று மாசு, நீர் மாசு, நில மாசு, ஒலி மாசு என்று பள்ளிக்கூடத்தில் நாமும் படித்தோம். மாசு என்றால் ஆலைப் புகைபோக்கியும் லாரியும்தான் என்று நினைத்துவிட்டோம். சமையலறையும் தொட்டிலும் நினைவுக்கு வருவதில்லை. விறகு, வறட்டி போன்ற அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

பெரியவர்கள் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பச்சைக் குழந்தைக்கோ 30, 40 என்று போகும். அதனால் அதன் உடம்புக்கு உள்ளே போகிற புகையும் அதிகம். புகையில் இருக்கிற மிக நுண்ணிய தூசி, நம் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரைக்கும் போய்விடும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் சீனா, மலேசியா நாட்டுக் கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை பிடித்த அளவு நுண்தூசி வந்ததாம்! 'சிகரெட் இல்லே' என்று சொன்ன என் பெருமை என்ன ஆயிற்று, பாருங்கள்.

பிளாஸ்டிக் கவரை எரிப்பது இன்னும் மோசம். சில வகைகள் எரியும்போது டையாக்ஸின் என்கிற நஞ்சு வருகிறது. புகை காற்றைக் கெடுக்கும், சாம்பல் மண்ணைக் கெடுக்கும், மழை பெய்தால் அது தண்ணீரிலும் கலக்கும். ஒரே கவரில் மூன்று மாசு!

வீடு திரும்பியதும் மாற்ற ஆரம்பித்தேன். மாமியாரிடம்தான் தயக்கம். "அஞ்சு புள்ளைங்களைச் சாம்பிராணி போட்டுத்தான் வளர்த்தேன். ஒண்ணும் ஆகலையே!" என்றார். நான் எதிர்வாதம் பண்ணவில்லை. "தலை ஈரம் காயத்தானே போடறோம் அத்தை? நீங்களே துடைச்சு விடுங்களேன்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தம் பழைய நூல் புடவையைக் கிழித்து எடுத்து வந்து, குழந்தையின் தலையை ஒத்தி ஒத்தித் துடைத்தார். "இந்த நாலு முடிக்கு எதுக்குப் புகை!" என்று முணுமுணுத்தபடியே.

மற்றவை இவை:

சுருளுக்குப் பதில் தொட்டிலுக்குக் கொசுவலை. தேங்கின தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிவிடுகிறோம்.

வெந்நீர் அடுப்பில் பிளாஸ்டிக் போடுவதை அடியோடு நிறுத்தியாயிற்று. அடுப்பு எரியும்போது குழந்தை முன்கூடத்தில்தான்.

தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.

காய்ந்த இலையும் காய்கறித் தோலும் கொல்லைக் குழிக்குப் போகின்றன. மக்கினால் வாழைக்கு உரம்.

குளியலறையில் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு குளிக்காதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உயிருக்கே ஆபத்து.

தெருப்புகைதான் இன்னும் முழுசாகத் தீரவில்லை. குப்பையைத் தெருவில் எரிக்கக் கூடாது என்று 2016-ம் வருஷத்து விதிகளிலேயே வந்துவிட்டது. அதைச் சொல்லி நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து கேட்டதில், கூட்டுகிறவர்கள் எங்கள் வாசலில் கொளுத்துவதை விட்டார்கள். பக்கத்து மனைக்காரர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் கொளுத்துகிறார். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். மறுபடி பேசிப் பார்க்க வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருந்து 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, கை வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பேரன் இப்போது தவழ்கிறான். காலியாகக் கிடக்கும் தூபக்காலை இழுத்துப் போட்டுத் தட்டி விளையாடுவதுதான் அவன் வேலை. கொள்ளுப்பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறார்.

உங்கள் வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை எத்தனை விரல் மடங்குகிறது? இன்றைக்கே எண்ணிப் பாருங்களேன்.