அடிப்பாரம்

பாய்க்கப்பலை நிமிர்ந்து நிற்கச் செய்வது அதன் அடித்தளத்தில் இடப்படும் கற்பாரமே. அது குறைந்தால் காற்று கப்பலைக் கவிழ்க்கும். மிகுந்தால் வேகம் குன்றும், கப்பல் வெடுக்கென ஆடிப் பயணிகளை வருத்தும்.

சுவீடனின் 'வாசா' போர்க்கப்பலில் ஏறத்தாழ 120 டன் கல் இருந்தும், உயர்ந்த தட்டுகளுக்கும் 64 பீரங்கிகளுக்கும் அது போதவில்லை. மேலும் கல்லேற்றினாலோ, கீழ்வரிசைப் பீரங்கி வாயில்கள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். புறப்படுமுன் 30 பேரைக் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தனர். கப்பல் பெரிதும் ஆடவே சோதனையை நிறுத்தினர், பயணத்தை நிறுத்தினாரில்லை! அரசரின் அவசரம் அத்தகையது.

1628 ஆகஸ்ட் 10 அன்று, ஸ்டாக்ஹோமில் சுமார் 1,300 மீட்டர் சென்றதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாயில்கள் வழியே நீர் புக, வாசா மூழ்கிற்று. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். விசாரணையில் எவரும் தண்டிக்கப்படவில்லை.

கண்ட குறையைக் கரையிலேயே சொல்லிவிடல் வேண்டும்; கடலில் அதற்கு நேரமிராது.