வேப்பிலையா, வினாத்தாளா?

காய்ச்சல் கண்டால் வெப்பமானியைத் தேடுகிறோம். கண் மங்கினால் எழுத்துப் பலகையின் முன் நிற்கிறோம். இரண்டு வாரமாக உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் அமர்ந்திருந்தால் மட்டும் வேப்பிலையைத் தேடி ஓடுகிறார்களே, ஏன்? காற்று, கருப்பு என்கிறார் பூசாரி. ஏழரைச் சனி என்கிறார் சோதிடர். உடம்பு வணங்காத கொழுப்பு என்கிறார் மாமியார். எல்லோரும் பேசியாயிற்று. அவள் ஒருத்திதான் பேசவில்லை. பேசு என்று அவளைக் கேட்டவரும் இல்லை!

கேட்காமலே முடிவு கட்டும் இந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடி காட்டிற்று. நம்பிக்கையே மருந்தென்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் சங்கிலியில் கிடந்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று கொட்டகை பற்றி எரிந்தது. 28 உயிர்கள் மாண்டன.

அதே 2001இல்தான் குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், உளச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகளின் தகுதியை ஆராய்ந்து வெளியிட்டனர். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லையா, உறக்கம் கெட்டதா, களைப்பா, நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணமா, இப்படிச் செல்கின்றன அக்கேள்விகள். இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய நாள்தோறும் என்றால் 3. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மருத்துவர் பார்க்கவேண்டும். தட்சணை இல்லை, தாயத்து இல்லை. நோயுற்றவரின் சொல்லே இங்கு முதற் சான்று. தன்மானம் பேசும் நாம் இந்தத் தாளை வரவேற்பதற்கு இது ஒன்றே போதும்.

அயல்நாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒவ்வாது என்பாருண்டு. சென்னையிலேயே கேட்டுப் பார்த்தார்கள், ஐயா! சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையினர் இதே வகையில் அமைந்த 12 கேள்விகளை 25,455 பேரிடம் கேட்டு, 2009இல் முடிவை வெளியிட்டனர். உளச்சோர்வுக் குறி தென்பட்டோர் நூற்றுக்கு 15.1. குறைந்த வருவாயினரில் 19.3, உயர்ந்த வருவாயினரில் 5.9. துணையை இழந்தோரில் 20. மணமுறிவு பெற்றோரில் 26.5. சனி பகவான் என்ன, வருமானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா வீடு புகுகிறார்? ஏழையின் நெஞ்சில் ஏறி அமர்ந்தது எந்தக் கிரகம் என்று சோதிடர்கள் சொல்லட்டும்!

ஒன்றை நம் இளைஞர்களுக்கும் சொல்லவேண்டும். கைப்பேசியில் கூட்டிப் பார்த்து 'எனக்குப் பதினான்கு' என்று அறிவித்துக்கொள்வது, சாதகக் கட்டத்தைக் கிழித்துவிட்டு அதே ஆணியில் வேறொரு கட்டத்தை மாட்டுவதாகும். இது சல்லடை, தீர்ப்பன்று. அந்த 2001ஆம் ஆண்டு ஆய்வின்படி, நோயுள்ள நூறு பேரில் 88 பேரை இது பிடிக்கும். நோயற்ற நூறு பேரில் 12 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் என்று வைத்துக் கணக்கிடுங்கள். பிடிபடுவோர் 196, அவர்களில் 108 பேர் நோயற்றவர்! தப்பிவிட்ட நோயாளிகள் 12. மேலே கண்ட சென்னைக் கணக்கும் சல்லடைக் கணக்கே. ஆகவே தாளுக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருந்தாக வேண்டும். கேட்டுவிட்டுக் கைவிடுவது கேளாமையினும் கொடிது.

இன்னும் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே இரயில் நிற்கும் நெமிலிச்சேரியில் இந்தத் தாளை ஒரு வீட்டுக்குக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொள்வோம். படிக்கத் தெரியாத மருமகளுக்கு யார் படித்துக் காட்டுவது? கணவனா? அருகில் மாமியார் அமர்ந்திருக்க, 'நீ எதற்கும் உதவாதவள் என்று எண்ணுகிறாயா' என்று கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? 0, 0, 0 என்று நிரம்பிய தாள் சுகாதார நிலையத்துக்குத் திரும்பும். ஊரே நலம் என்று ஏட்டில் ஏறும். அவள் மொழியிலும் கேட்கவேண்டும். நெஞ்சு பாரமாயிருக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, மனசே சரியில்லை என்று சொல்பவளிடம் அலுவலகத் தமிழில் 'மனச்சோர்வுணர்வு உண்டா' என்று கேட்டு என்ன பயன்?

ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நலம் என்ற எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்காதே, கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று படித்தவர்களே பதறுகிறார்கள். கேட்பதால் அது பிறப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டியது. கேளாமல் விட்டால் அவள் அதைத் தனியே சுமக்கிறாள். அந்த ஒரு விடை 0 அன்று எனில், மொத்தக் கூட்டல் எதுவாயினும் அன்றே உதவி வேண்டும். 14416 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் அதற்காகவே 2022இல் திறக்கப்பட்டது.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அரசு நடத்தும் மனநல மருத்துவத்தைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த மருந்தையும் நீரிழிவு மருந்தையும் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. வாயில்வரை வந்த கால்களுக்கு இன்னும் ஒரு தாள் சுமையா? நாம் கேட்பது இவ்வளவே: நெமிலிச்சேரி வீடுகளுக்குச் செல்லும் ஊழியர் கையில் பேச்சுத் தமிழில் அமைந்த ஒன்பது கேள்விகள்; உறவினர் எவரும் இல்லாத கால் மணி நேரத் தனிமை; பத்தைத் தாண்டியவர் அந்த வாரமே பார்க்கத்தக்க மருத்துவர், அவர் எந்நாளில் எங்கே இருப்பார் என்று சுகாதார நிலைய வாயிலில் எழுதிய ஒரு பலகை.